எங்கள் சபைக்கு வராமல் போனவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜனநாயகக் கட்சியின் தலைவர்களுக்கும், 2026 நவம்பர் 3 தேர்தலில் நிற்கும் முற்போக்கு வேட்பாளர்களுக்கும்,

2024 செப்டம்பரில், அட்லாண்டாவுக்கு வடகிழக்கே இருக்கும் எங்கள் சபையில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வேட்பாளர்களை அழைத்துக் கேள்வி கேட்கும் கூட்டம் ஒன்று வைத்தோம். சபை யாருக்கும் ஓட்டுக் கேட்கக் கூடாது என்ற சட்டம் 1954-லிருந்து இருக்கிறது, எங்கள் பாஸ்டர் அந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு, அதனால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நாளில் ஒரே மாதிரிக் கடிதம் போனது. கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான். உங்கள் பக்கத்து வேட்பாளரின் அலுவலகத்திலிருந்து ஒரு இளம்பெண் கூப்பிட்டு அன்பாகத்தான் பேசினார், சபையின் இணையதள முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நான்கு நாள் கழித்து மூன்று வரியில் மின்னஞ்சல் வந்தது. எங்கள் விசுவாச அறிக்கையில் திருமணத்தைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்தார்களாம், அந்த மேடையில் நின்றால் ஆதரவாளர்களுக்குத் தவறான சேதி போய்விடுமாம், அதனால் வருவதற்கில்லையாம்.

எதிர் வேட்பாளர் வந்தார். காகிதத் தட்டை ஏந்தி வரிசையில் நின்று எலுமிச்சைச் சாதமும் கோழி வறுவலும் வாங்கிச் சாப்பிட்டார், காரத்தில் நெற்றியெல்லாம் வேர்த்தும் மறுசோறு வாங்கினார். நான் எழுந்து, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் பற்றிக் கேட்டேன். ஜார்ஜியா இன்னும் அதை முழுசாக விரிவாக்காத பத்து மாநிலங்களில் ஒன்று, 2023 ஜூலையில் தொடங்கிய திட்டமும் வேலை செய்வதைக் காட்டினால்தான் காப்பீடு என்கிறது, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். மனுஷர் சுற்றிச் சுற்றிப் பேசி உட்கார்ந்துவிட்டார். அவரை மடக்கிப் பதில் சொல்லப் பக்கத்து நாற்காலியில் ஆள் இருந்திருக்க வேண்டும். அங்கே பெயர் எழுதிய அட்டை மட்டும் இருந்தது. பாஸ்டர் அந்த நாற்காலியைக் கடைசிவரை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடமாக உங்கள் தலைவர்கள் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, விசுவாசிகளிடம் நாம் ஏன் தோற்றோம், அவர்களிடம் எப்படிப் பேசுவது என்று ஆராய்ச்சி செய்கிறார்கள். போன மாதம்கூட ஒருவர் “அவர்கள் காது கொடுப்பதே இல்லை” என்றார். அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதம். ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியாயிற்று, நன்கொடை கேட்டு ஏழு மின்னஞ்சல் வந்தது, பதில் வரவில்லை. இப்போது தமிழில் எழுதுகிறேன். உங்கள் கட்சிக்காகத் தமிழில் போன் போட்டு ஓட்டுக் கேட்ட பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்களில் யாராவது படித்துக் காட்டட்டும்.

நான் நர்ஸ். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் பிறந்து, இங்கே வந்து 22 வருடம் ஆகிறது. மறுபடி பிறந்தவள், ஞானஸ்நானம் எடுத்தவள், வேதத்தில் எழுதியிருப்பதை எழுதியபடியே நம்புகிறவள். உங்கள் கணக்கெடுப்பில் ‘இவாஞ்சலிக்கல்’, அதாவது சுவிசேஷக் கிறிஸ்தவர், என்ற கட்டத்தில் விழுகிற ஆள். 2012-ல் ஒபாமாவுக்கு, 2016-ல் ஹிலாரிக்கு, 2020-ல் பைடனுக்கு ஓட்டுப் போட்டேன். 2024-ல் அதிபர் பதவிக்கான கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு மற்றதை நிரப்பினேன். பெருமைக்குச் சொல்லவில்லை. ஜார்ஜியாவை 2020-ல் நீங்கள் ஜெயித்தது 11,779 ஓட்டில். 2024-ல் தோற்றது ஏறத்தாழ 1,15,000 ஓட்டில். என்னைப் போல் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் எங்கள் சபையில் மட்டும் எத்தனை குடும்பம் என்று எனக்குத் தெரியும்.

ஊர்க்கதை ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து ஊர்க் கோயில்களில் பண்டிகைக்கு அசனம் போடுவார்கள், ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு கட்சிக்காரர் வருடம் தவறாமல் வருவார். கடவுள் இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிறவர். ஐயர் (எங்கள் பக்கம் குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) ஜெபம் பண்ணும்போது தலையைக் குனியாமல் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆனால் பந்தியில் உட்கார்ந்துவிட்டால், எந்த வீட்டில் யாருக்கு விதவைப் பென்ஷன் நின்றிருக்கிறது, எந்தத் தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கேட்டு எழுதிக்கொள்வார். தேர்தல் இல்லாத வருடமும் வருவார். அவர் நம்மை ஏமாற்ற ஜெபம் பண்ணுகிற மாதிரி நடிக்கவில்லையே, அதற்காகவே ஓட்டுப் போடலாம் என்பார் என் அப்பா.

உங்கள் ஆட்கள் அக்டோபரில் வருகிறார்கள். அதுவும் கறுப்பினச் சபைகளுக்கு மட்டும், கேமராவோடு.

சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் என்றால் பிறவியிலேயே குடியரசுக் கட்சி என்று உங்களில் இளையவர்கள் நினைக்கிறார்கள். 2016-ல் நானும் என் கணவரும் நடுராத்திரியில் காரை எடுத்துக்கொண்டு பிளெய்ன்ஸ் போனோம், உங்கள் கட்சியின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் ஓய்வுநாள் பள்ளியில் உட்காருவதற்காக. விடியுமுன்பே மரநாதா பாப்டிஸ்ட் சபை வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. 91 வயதில் நின்றுகொண்டே பாடம் எடுத்தார். எந்தெந்த ஊரிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று முதலில் கேட்பது அவர் வழக்கம். என் முறை வந்தபோது “இந்தியாவில் நாசரேத்” என்றதும் பெஞ்சுகளெல்லாம் சிரித்தன. அந்தச் சபையின் மரச் சிலுவையையும் காணிக்கைத் தட்டுகளையும் தன் கையாலேயே செய்தவர் அவர். அவருடைய அம்மா லில்லியன், 68 வயதில் அமெரிக்க அரசின் பீஸ் கோர் அமைப்பின் தொண்டராக பம்பாய் பக்கம் விக்ரோலிக்கு வந்து நர்ஸாக வேலை செய்திருக்கிறார் என்பது எனக்குத் தனிப் பெருமை.

அந்தக் கார்ட்டர் தன்னை மறுபடி பிறந்தவன் என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் 1976-ல் ஜெயித்தார். அந்த வருடத்தை ‘இவாஞ்சலிக்கல்களின் வருடம்’ என்று நியூஸ்வீக் பத்திரிகை எழுதியது. அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1971-ல், சதர்ன் பாப்டிஸ்ட் மாநாடு என்ற பெரிய சபைக் கூட்டமைப்பு சில சூழ்நிலைகளில் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கலாம் என்றே தீர்மானம் போட்டது. இன்று எங்கள் சபையில் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். ஜெரி ஃபால்வெல் என்ற பாஸ்டர் ‘மாரல் மெஜாரிட்டி’ என்ற அரசியல் இயக்கத்தைத் தொடங்கியது 1979-ல். கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்காத கிறிஸ்தவப் பள்ளிகளின் வரிவிலக்கில் அரசு கைவைத்த கோபத்துக்கும் அந்த இயக்கத்தில் பெரிய பங்கு உண்டு, அதை நாங்கள் மறைக்கக் கூடாது. ஆக, எங்களை ஒரு கட்சியோடு கட்டிப்போட்டது அரசியல். கட்டியவர்கள் வேலை பார்த்துக் கட்டினார்கள். நாற்பது வருடமாக எங்கள் பிள்ளைகளின் பட்டமளிப்புக்கும் எங்கள் துக்க வீடுகளுக்கும் வந்தார்கள். நீங்கள் அவிழ்க்கப் பார்க்கவில்லை.

ஒருவர் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். ஒபாமா 2006-லேயே, பொதுவெளிக்கு வரும்போது உங்கள் மதத்தை வாசலில் விட்டுவிட்டு வாருங்கள் என்று விசுவாசிகளிடம் சொல்வது தவறு என்று உங்கள் ஆட்களிடமே பேசினார். 2008 ஆகஸ்டில் பாஸ்டர் ரிக் வாரனின் சேடில்பேக் சபை மேடையில் வந்து உட்கார்ந்தார். குழந்தைக்கு மனித உரிமை எப்போது கிடைக்கிறது என்ற கேள்விக்கு, அது தன் தகுதிக்கு மேற்பட்ட விஷயம் என்கிற மாதிரி நழுவினார். எங்களுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனாலும் வந்தார். அதே வருடம் ஏப்ரலில், வேலை போன சிற்றூர்க்காரர்கள் கசப்பில் துப்பாக்கியையும் மதத்தையும் பற்றிக்கொள்கிறார்கள் என்று சான்ஃபிரான்சிஸ்கோ பணக்காரர்கள் நடுவே பேசி மாட்டிக்கொண்டவரும் அவர்தான். அப்படி இருந்தும், வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பில் வெள்ளை இவாஞ்சலிக்கல்களிடம் 2004-ல் உங்கள் வேட்பாளர் கெர்ரிக்கு 21 சதவீதம் கிடைத்த இடத்தில் 2008-ல் அவருக்கு 24 கிடைத்தது. 2016-ல் ஹிலாரிக்கு 16. இந்தச் சின்ன எண்களைப் பார்த்து எங்களைக் கைகழுவிவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. ஆனால் பியூ ஆய்வு நிறுவனக் கணக்கில் இந்த நாட்டில் வயது வந்தவர்களில் 23 சதவீதம் இவாஞ்சலிக்கல் புராட்டஸ்டண்ட்டுகள். அவர்களில் வெள்ளையர் அல்லாதவர்கள் நிறையப் பேர். என் சபையில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கானா நாட்டுக் குடும்பம் மூன்று, வெள்ளைக்காரர்கள் ஒரு பெஞ்சு.

ஒபாமாவின் வெள்ளை மாளிகையில் வேலை செய்த மைக்கேல் வேர் சொன்ன ஒரு சம்பவம் என் மனதைவிட்டுப் போகவில்லை. வறுமை பற்றி சபைகளுக்குக் கொடுக்க ஒரு குறிப்புத்தாள் தயாரித்தாராம், அதில் மத்தேயு 25-ல் வரும் “மிகவும் சிறியவராகிய” சகோதரரைப் பற்றிய சொல்லைத் தலைப்பில் போட்டிருந்தாராம். சக ஊழியர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, இது என்ன, எழுத்துப் பிழையா என்று கேட்டாராம். ஏழைகள் பக்கம் நிற்கிற கட்சி என்கிறீர்கள், ஏழைகளைப் பற்றி எங்கள் வீட்டுக் குழந்தைகள் ஆறு வயதில் மனப்பாடம் செய்கிற வசனம் உங்கள் அலுவலகத்தில் அச்சுப் பிழையாகத் தெரிகிறது. வேதம் படிக்காதது குற்றம் இல்லை, படித்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதது அலட்சியம்.

கருக்கலைப்பைப் பற்றிப் பேசாமல் இந்தக் கடிதம் முடியாது. என் அம்மாவுக்கு வயது 81, எங்களோடு இருக்கிறார். 2020-ல் கமலா ஹாரிஸ் மாநாட்டில் பேசும்போது “சித்தி” என்று ஒரு வார்த்தை சொன்னாரே, அன்று அம்மா அழுதுவிட்டார், நம்ம சியாமளா பொண்ணு என்று நான்கு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். 2024-ல் அதே அம்மா, எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடிக்கும், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மனசாட்சி விடமாட்டேன் என்கிறது என்று சொல்லி ஒரு நாள் உபவாசம் இருந்தார். அப்புறம் அக்டோபரில், விஸ்கான்சினில் ஹாரிஸ் கருக்கலைப்பு உரிமை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் இரண்டு மாணவர்கள் கிறிஸ்துவின் பெயரைச் சொல்லிக் கத்த, நீங்கள் தப்பான கூட்டத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அவர் சொன்ன துணுக்கு வந்தது. ஒரே இரவில் எங்கள் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் அது. அவர் காதில் என்ன விழுந்தது என்று யாருக்கும் தெரியாது, பெருங்கூச்சலில் எதுவும் விழாமல்கூட இருந்திருக்கலாம், நான் குழுவில் அப்படித்தான் எழுதினேன். நீங்கள் அனுப்பிய ஒரு ஆள் வந்து அதைச் சொல்லியிருக்க வேண்டாமா? எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் நான் ஒருத்தி கத்திக்கொண்டிருந்தேன்.

எங்கள் கூட்டம் நடந்த அந்த 2024 செப்டம்பரில் இன்னொரு செய்தியும் வந்தது. 2022-ல் நம் ஜார்ஜியாவில், கருக்கலைப்புத் தடை வந்த சில வாரங்களில், மருத்துவமனையில் பல மணி நேரம் தாமதமாகி இறந்துபோன 28 வயதுத் தாயைப் பற்றி. அந்தச் சாவு தவிர்த்திருக்கக் கூடியது என்று மாநிலத்தின் ஆய்வுக் குழுவே முடிவு செய்திருந்தது. நான் அதைப் பெண்கள் ஐக்கியத்தில் வாசித்தேன். கருவிலிருக்கும் பிள்ளைக்காக வாராவாரம் ஜெபிக்கிற பெண்கள் அவர்கள். அத்தனை பேரும் அழுதார்கள், சட்டத்தை இப்படியா எழுதுவது, டாக்டர் கையைக் கட்டிப்போடுவதா என்று கேட்டார்கள். கதவு அந்த நிமிஷம் திறந்திருந்தது. உங்கள் பிரச்சாரத் தாள்களில் எங்களுக்கு எழுதியிருந்ததோ பெண்களை வெறுக்கிறவர்கள் என்று.

உங்கள் கட்சியில் இதைப் பேசவே ஆள் இல்லாமல் செய்துகொண்டீர்கள். 2017-ல் கட்சியின் தேசியத் தலைவராக இருந்த டாம் பெரஸ், கருக்கலைப்பு உரிமையில் பேரத்துக்கே இடமில்லை, ஊருக்கு ஊர் மாறக் கூடாது என்று அறிக்கை விட்டார். நாற்பது வருடமாக ஹைட் திருத்தத்தை, அதாவது கருக்கலைப்புக்கு மத்திய அரசுப் பணம் கூடாது என்ற விதியை, ஆதரித்துவந்த பைடன் 2019 ஜூனில் அதைக் கைவிட்டார். அறிவித்த இடம் எங்கள் அட்லாண்டா. லூசியானாவைப் பாருங்கள். ஜான் பெல் எட்வர்ட்ஸ் என்ற உங்கள் கட்சிக்காரர், தன் மனைவியும் தானும் ஊனத்தோடு பிறக்கப்போகும் மகளைக் கலைக்க மாட்டோம் என்று முடிவெடுத்ததை ஊரறியச் சொன்னவர், அந்த மாநிலத்தில் இரண்டு முறை ஆளுநராக ஜெயித்தார். வந்த கையோடு மெடிக்கெய்டை விரிவாக்கினார், 4 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்குக் காப்பீடு கிடைத்தது. 2019-ல் கடுமையான கருக்கலைப்புத் தடைச் சட்டத்தில் அவரே கையெழுத்தும் போட்டார், அது உங்களுக்கு வலித்திருக்கும், எனக்குமே அதில் கேள்விகள் உண்டு. ஆனால் நான் இரவு ஷிஃப்டில் பார்க்கிற நோயாளிகளில் காப்பீடு இல்லாமல், சர்க்கரை முற்றிக் காலை எடுக்க வேண்டிய கட்டத்தில் வருகிறவர்களைப் பார்க்கும்போது, எங்களுக்கு ஒரு எட்வர்ட்ஸ் கிடைக்கவில்லையே என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்தது மனசாட்சி. ஒருவர் தன் மதத்தின்படி நடப்பதற்கு அரசு தகுந்த காரணமில்லாமல் தடை போடக் கூடாது என்கிற மதச் சுதந்திர மீட்புச் சட்டத்தில் 1993-ல் கையெழுத்துப் போட்டவர் உங்கள் பில் கிளிண்டன். செனட்டில் 97 பேர் ஆதரவு, 3 பேர் எதிர்ப்பு. அப்போது அது உங்கள் சட்டம். 2019-லும் 2021-லும் நீங்கள் கீழவையில் நிறைவேற்றிய, ஒருபால் ஈர்ப்பாளர்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிற சமத்துவச் சட்ட மசோதா, அந்தப் பாதுகாப்பை இதில் கொண்டுவரக் கூடாது என்று வெளிப்படையாக எழுதிவைத்தது. எங்கள் தரப்பில் யாரையும் உட்கார வைத்துக் கேட்டீர்களா? என்னோடு இரவு வேலை பார்க்கிறவர் ஒருவர், தன் கணவரோடு வாழ்கிற ஆண். நான் ஊருக்குப் போயிருந்தபோது என் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர். திருமணம் பற்றி என் விசுவாசம் என்ன என்று அவருக்குத் தெரியும், அவரை வேலையைவிட்டோ வீட்டைவிட்டோ யாராவது துரத்தினால் முதல் ஆளாக நான் சண்டைக்குப் போவேன் என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே சட்டத்தில் எழுத முடியும். யூட்டா மாநிலம் 2015-ல் எழுதியது. 2022 டிசம்பரில் பைடன் கையெழுத்திட்ட, ஒரே பாலினத் திருமணத்தை அங்கீகரிக்கும் திருமண மரியாதைச் சட்டத்தில் நீங்களே எழுதினீர்கள், 12 குடியரசுக் கட்சி செனட்டர்கள் கூட நின்றார்கள், கிறிஸ்தவக் கல்லூரிகளின் கூட்டமைப்பும் ஆதரித்தது. அப்படி ஒன்று நடந்ததாக உங்கள் ஆள் எவராவது சபைகளில் வந்து சொன்னாரா? நான் சொல்லித்தான் எங்கள் பாஸ்டருக்கே தெரியும்.

கோவிட் காலத்தையும் ஆறவிடாமல் வைத்திருக்கிறார்கள் எங்கள் ஆட்கள். கொள்ளைநோயை நான் விளையாட்டாக எடுத்தவள் இல்லை, பி.பி.ஈ. கவசத்துக்குள் மூச்சுத் திணறி நின்றிருக்கிறேன், என் பெரியப்பா பாளையங்கோட்டையில் அதில்தான் போனார். ஆனால் கலிஃபோர்னியாவில் சலூனுக்கும் கடைக்கும் போகலாம், வீட்டில் மூன்று குடும்பத்துக்கு மேல் சேர்ந்து ஜெபிக்கக் கூடாது என்று ஒரு கட்டம் வந்தது. சான் ஹோசேயில் என் நாத்தனார் வீட்டு வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் அதில் நின்றது. 2021 ஏப்ரலில் டாண்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தக் கட்டுப்பாட்டை நிறுத்திவைத்தது. கட்டுப்பாடு சரியா தப்பா என்பதில் நான்கு நீதிபதிகளுக்கே வேறு கருத்து, விடுங்கள். தப்பாகப் போட்டுவிட்டோம், மன்னியுங்கள் என்று ஒரு தலைவராவது சொல்லியிருந்தால் பாதிக் கோபம் அடங்கியிருக்கும்.

எங்கள் பக்கத்து அழுக்கையும் சொல்லாமல் போனால் என் கடிதத்தை நீங்கள் தூக்கிப் போடலாம். 1998-ல், கிளிண்டன் விவகாரத்தின்போது, பொதுவாழ்வில் இருப்பவர்களுக்கு ஒழுக்கம் முக்கியம் என்று சதர்ன் பாப்டிஸ்ட் மாநாடு தீர்மானம் போட்டது. தனிவாழ்வில் ஒழுக்கம் தவறியவர் பதவியில் நன்றாக வேலை செய்ய முடியுமா என்று 2011-ல் ஒரு ஆய்வு நிறுவனம் கேட்டபோது, வெள்ளை இவாஞ்சலிக்கல்களில் 30 சதவீதம் பேர்தான் முடியும் என்றார்கள். 2016-ல் 72 சதவீதம். ஐந்தே வருடத்தில் வேதம் மாறவில்லை, வேட்பாளர்தான் மாறினார். எங்கள் சபை அங்கிள் ஒருவர் டிரம்ப்பை வேதத்தில் வரும் பாரசீகத்துக் கோரேசு ராஜா என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். விசுவாசியாக இல்லாவிட்டாலும் கர்த்தர் பயன்படுத்தினாராம். அப்படியானால் கோரேசு சிறைப்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பினார் அங்கிள், இவர் வீட்டில் இருப்பவர்களைச் சிறைக்கு அனுப்புகிறார் என்றேன். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், எங்கள் கட்டடத்தில் ஞாயிறு மத்தியானம் 2 மணிக்கு ஸ்பானிஷ் சபை ஒன்று கூடும். 2025 ஜனவரியில் பதவியேற்ற உடனே, சபை, பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் குடியேற்றத் துறை கைது செய்வதைக் கட்டுப்படுத்திய பழைய விதியை எடுத்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு பாதி நாற்காலி காலி. இன்றுவரை நிரம்பவில்லை. எங்கள் டீக்கன் ஒருவர், வயதான வெள்ளைக்காரர், மூன்று முறையும் டிரம்ப்புக்கு ஓட்டுப் போட்டவர், காரில் டிரம்ப் தொப்பிகூட வைத்திருக்கிறார். அவர் இப்போது தன் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு 2 மணிக்கு வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. கர்ப்பமாக இருக்கும் ஒரு பெண்ணை, கணவன் வண்டி ஓட்டப் பயப்படுகிறான் என்று, மாதாமாதம் செக்கப்புக்கு அவர்தான் கூட்டிப்போகிறார். நாட்டின் கிறிஸ்தவர்களில் பன்னிரண்டில் ஒருவர், தானோ வீட்டில் உள்ளவரோ நாடுகடத்தப்படக் கூடிய நிலையில் இருக்கிறார் என்று தேசிய இவாஞ்சலிக்கல் சங்கமும் கத்தோலிக்க ஆயர்களும் வேர்ல்ட் ரிலீஃப் என்ற கிறிஸ்தவ உதவி அமைப்பும் சேர்ந்து 2025-ல் அறிக்கை வெளியிட்டார்கள். அந்த டீக்கன் அதைப் படித்திருக்க மாட்டார். அவருக்கு வாசல் தெரியும், அந்தப் பெண்ணைத் தெரியும். அகதிகள் வந்து இறங்கிய, அட்லாண்டா பக்கத்துக் கிளார்க்ஸ்டனில் பழைய சோஃபாவும் பாத்திரமும் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் எங்களைப் போன்ற சபைக்காரர்கள்தான். 2003-ல் புஷ் தொடங்கிய எய்ட்ஸ் நிவாரணத் திட்டத்துக்காக நின்றவர்களும்தான். அந்த உதவிகளெல்லாம் 2025-ல் வெட்டப்பட்டபோது எங்கள் மிஷனரிகளின் கடிதங்களை வாசித்து நாங்கள் அழுதோம்.

அந்த டீக்கனிடம் பேச வேண்டியவர்கள் நீங்கள். அவர் உங்களுக்கு ஓட்டுப் போடாமலே போகலாம். ஆனால் நீங்கள் வந்து அந்த மடக்கு நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால், அடுத்த முறை வாட்ஸ்அப்பில் உங்களைப் பற்றி ஒரு பொய் வரும்போது, இல்லப்பா, நான் பார்த்திருக்கிறேன் என்று சொல்ல ஒரு ஆள் இருப்பார்.

இப்போது உங்களில் சிலர் வேதத்தைக் கையிலெடுக்கிறார்கள். செனட்டர் ராஃபேல் வார்னாக் எபனேசர் பாப்டிஸ்ட் சபையின் பாஸ்டர், அவர் பேசினால் எங்கள் வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவோம், ஒத்துக்கொள்ளாத இடத்திலும். டெக்சஸில் இறையியல் படித்த ஜேம்ஸ் டாலரிக்கோ, பள்ளி வகுப்பறைகளில் பத்துக் கட்டளைகளை மாட்டும் சட்டத்தை மாநிலச் சட்டமன்றத்தில் வேதத்தைக் காட்டியே எதிர்த்தார், ரசித்தேன். ஆனால் இவர்களைப் பார்த்துவிட்டு, ஒரு வசனத்தை இணையத்தில் தேடி எடுத்து எங்கள் தலையில் போட்டு, உங்கள் இயேசுவையே உங்களுக்குத் தெரியவில்லை என்று சொல்லக் கிளம்பியிருக்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். வேறு ஒருவர் வீட்டுப் பாட்டியின் பெயரைச் சொல்லி அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்வது மாதிரி இருக்கிறது. நம்பாதவர் என்றால் நம்பாதவராகவே வாருங்கள், அசனத்துக்கு வந்த அந்தக் கட்சிக்காரர் மாதிரி.

நான் கேட்பது இதுதான். எங்கள் விசுவாச அறிக்கையைப் படித்துப் பார்த்து வருவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் வழக்கத்தை விடுங்கள். பொதுக் கூட்டத்துக்குச் சபை அழைத்தால் வேட்பாளர் வர வேண்டும், முடியாவிட்டால் பேசத் தெரிந்த ஒருவரை அனுப்ப வேண்டும் என்று கட்சி எழுத்தில் சொல்லட்டும். தேர்தலுக்கு ஆறு வாரம் முன்னால் ஆளெடுத்து மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிற ‘விசுவாசிகள் தொடர்பு’ வேலையை வருடம் முழுவதும் இருக்கிற வேலையாக மாற்றுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் சபைக்குள் வளர்ந்த, உங்களோடு சண்டை போடக்கூடிய ஒருவரை அதில் வையுங்கள். கருவிலிருக்கும் பிள்ளைக்காகப் பேசுகிறவர் உங்கள் சின்னத்தில் நிற்க விரும்பினால் பணத்தையும் பட்டியலையும் நிறுத்தி அவரை வெளியே தள்ளாதீர்கள். உங்கள் கொள்கையை மாற்றச் சொல்லவில்லை, ஆளைத் துரத்தாதீர்கள் என்கிறேன். சமத்துவச் சட்டத்தை அடுத்த முறை கொண்டுவரும்போது 1993 சட்டத்தின் பாதுகாப்பை அதிலேயே எழுதுங்கள், எழுதுமுன் எங்களைக் கூப்பிடுங்கள். சபை வாசலில் கைது கூடாது என்பதை, அதிபர் மாறினால் மாறும் சுற்றறிக்கையாக விடாமல் சட்டமாக்குங்கள், அதற்கு இரண்டு பக்கத்திலும் ஓட்டு இருக்கிறது, எங்கள் டீக்கனே கையெழுத்துப் போடுவார், கேட்டுவிட்டேன்.

எங்கள் கவுண்டியில் நிற்கும் வேட்பாளருக்குத் தனியாக ஒன்று. பாஸ்டர் வருகிற செப்டம்பரிலும் கூட்டம் வைக்கிறார், கடிதம் மறுபடியும் நான்தான் தட்டச்சு செய்யப்போகிறேன். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஞாயிறு ஆராதனை 10 மணிக்கு, பாஸ்டர் நீட்டாவிட்டால் 12.15-க்கு முடியும், அப்புறம் சாப்பாடு. 2 மணிக்கு டீக்கன் வாசலுக்குப் போய்விடுவார், அவரோடு உட்கார வேண்டுமென்றால் நாற்காலி ஸ்டோர் ரூமில் இருக்கிறது, சாவி என்னிடம்.